அஞ்சல் பெட்டித் தரவுத்தளத்தைப் புதிய சேவையகத்துக்கு மாற்றும்போது எழும் பிழைகள்: அறிகுறி வழியே தீர்வு

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அஞ்சல் சேவையகத்தைத் தங்கள் சொந்த வன்பொருளில் இயக்குபவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய இயந்திரத்தை விட்டுப் புதியதற்கு மாறும் வேலை பலருக்கு ஒரே காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. புதிய சேவையகத்தில் வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, ஒவ்வோர் அஞ்சல் பெட்டியையும் நகர்த்தல் கோரிக்கை வழியாக அதற்குள் கொண்டுவருவது முதல் வழி. தரவுத்தளத்தின் அஞ்சல்கள் சேமிக்கப்படும் இடிபி கோப்பையே நகலெடுத்துப் புதிய சேவையகத்தில் மவுன்ட் செய்வது, அதாவது பயன்பாட்டுக்குத் திறப்பது, இரண்டாவது வழி. பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நகர்த்தலாம் என்பதாலும், பழுதுபட்ட உருப்படிகள் வழியிலேயே வடிகட்டப்படும் என்பதாலும் முதல் வழியையே நான் பரிந்துரைக்கிறேன். பழைய இயந்திரம் சாகும் தறுவாயில் இருந்தால் மட்டுமே இரண்டாவது வழியை நாட வேண்டும். அந்த வழி, ஒரே எக்ஸ்சேஞ்ச் நிறுவன அமைப்புக்குள், ஒரே பதிப்பைக் கொண்ட சேவையகங்களுக்கு இடையே மட்டுமே செல்லும். 2016இன் இடிபி கோப்பை 2019இல் வைத்து மவுன்ட் செய்ய முடியாது.

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். கோப்புகளின் மேல் எந்தக் கட்டளையை இயக்குவதாக இருந்தாலும், இப்போது உள்ள நிலையிலேயே இடிபி கோப்பையும், மாற்றங்கள் பதியப்படும் அதன் லாக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதன்பின் அந்த நகலின் மேல் வேலை செய்யுங்கள். இடம் போதவில்லை என்றால் முதலில் இடத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். தரவு மீட்க முடியாமல் போன நிகழ்வுகளில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை மூலப் பழுதினால் நேர்ந்தவை அல்ல. பதற்றத்தில் மூலக் கோப்பின் மேலேயே இயக்கப்பட்ட முதல் கட்டளையினால் நேர்ந்தவை.

அறிகுறி: நகலெடுத்த தரவுத்தளம் மவுன்ட் ஆக மறுக்கிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கோப்பு சரியாக மூடப்படாத நிலையில் நகலெடுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச், வந்து சேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில் எழுதி, பின்னர்தான் ஆற அமர இடிபி கோப்புக்குள் கொண்டு சேர்க்கிறது. ஆகவே எந்த ஒரு கணத்திலும் இடிபி கோப்பு தனியாக முழுமையானது அல்ல. அதனுடன் சில லாக் கோப்புகளும் சேர்ந்தால்தான் அது ஒரு தரவுத்தளம் ஆகும். டிஸ்மவுன்ட் செய்யும்போது, அதாவது தரவுத்தளத்தை முறையாக மூடும்போது, இந்த நிலுவை முழுவதும் தீர்க்கப்பட்டு, கோப்பின் தலைப்பில் 'கிளீன் ஷட்டவுன்' என்று எழுதப்படுகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ, சேவை முறையின்றி நின்றாலோ, இயங்கும் நிலையில் வட்டின் படத்தை எடுத்தாலோ அங்கே 'டர்ட்டி ஷட்டவுன்' என்றே இருக்கும். மவுன்ட் செய்யும்போது வரும் −550 என்ற பிழை எண்ணின் பொருளும் அதுவே.

எனவே முதல் படி, எக்ஸ்சேஞ்சுடன் வரும் எசியூட்டில் என்ற கட்டளைக் கருவியை எம்ஹெச் தெரிவுடன் இயக்கித் தலைப்பைப் படிப்பது. இது கோப்பில் எதையும் மாற்றாது. 'ஸ்டேட்' என்ற வரியில் கிளீன் என்று இருந்தால் லாக் கோப்புகள் எவையும் தேவையில்லை. சிக்கல் வேறு இடத்தில் உள்ளது, அடுத்த அறிகுறிக்குச் செல்லலாம். டர்ட்டி என்று இருந்தால் 'லாக் ரிக்வயர்டு' என்ற வரியைப் பாருங்கள். அதில் 5120–5125 என்று இருப்பதாகக் கொள்வோம். அதே எண்கள் பதினாறுநிலை முறையில் 1400–1405 என்று அருகிலேயே தரப்பட்டிருக்கும். லாக் கோப்புகளின் பெயர்கள் பதினாறுநிலை எண்களிலேயே அமைவதால், நீங்கள் தேட வேண்டியவை இ0000001400 முதல் இ0000001405 வரையிலான ஆறு கோப்புகள். கடைசி எண்ணுக்குரிய கோப்பு மட்டும் இன்னும் எண் பெறாமல் இ00 என்ற பெயரிலேயே இருக்கக்கூடும். அதைக் காணவில்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். ஒரே சேவையகத்தில் பல தரவுத்தளங்கள் இருந்திருந்தால் முன்னொட்டு இ01, இ02 என்று மாறும் என்பதையும், வேறொரு தரவுத்தளத்தின் லாக் கோப்பு பெயரளவில் பொருந்தினாலும் பயன்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேவையான கோப்புகள் கிடைத்தால், அதே கருவியின் எம்எல் தெரிவு மூலம் அவை பழுதின்றி இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஆர் தெரிவுடன் முன்னொட்டையும், லாக் கோப்புகள் உள்ள இடத்தையும், இடிபி கோப்பு உள்ள இடத்தையும் கொடுத்து, லாக் கோப்புகளில் உள்ள நிலுவையை இடிபிக்குள் சேர்க்கும் மென்மீட்பை இயக்குங்கள். புதிய சேவையகத்தில் கோப்புறைப் பாதை மாறியிருந்தால், இடிபியின் இடத்தைக் குறிக்கும் டி தெரிவைக் கட்டாயம் தர வேண்டும். அதைத் தராவிட்டால் கருவி பழைய பாதையில் தேடி, கோப்பு இல்லை என்று −1811 எண்ணுடன் திரும்பிவிடும். முடிந்ததும் தலைப்பை மீண்டும் படியுங்கள். இப்போது 'லாக் ரிக்வயர்டு' 0–0 என்றும் நிலை கிளீன் என்றும் இருந்தால் வேலை முடிந்தது.

'லாக் ரிக்வயர்டு' வரம்புக்குரிய கோப்புகள் அனைத்தும் இருந்து, அதன் கீழே 'லாக் கமிட்டெட்' என்று காட்டப்படும் வரம்பின் இறுதிக் கோப்புகள் மட்டும் காணாமற்போயிருந்தால், ஆர் தெரிவுடன் ஏ தெரிவையும் சேர்த்து மீட்கலாம். கடைசிச் சில நிமிடங்களின் அஞ்சல்கள் இழக்கப்படும். தரவுத்தளம் நலமாக எழும்.

தேவையான கோப்புகளே இல்லையென்றால் −528 என்ற பிழை வரும். இந்த இடத்தில்தான் பலர் பி தெரிவை, அதாவது வன்பழுதுநீக்கத்தை, கையில் எடுக்கிறார்கள். அது தரவைத் திரும்பக் கொண்டுவரும் கருவி அன்று; பொருந்தாத பக்கங்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, எஞ்சியதைத் திறக்கத்தக்கதாக ஆக்கும் கருவி. எந்த அஞ்சல் போயிற்று என்பதை அது உங்களுக்குப் பட்டியலிட்டுத் தராது. ஆகவே அதற்கு முன் பழைய சேவையகத்தின் லாக் வட்டை மீண்டும் ஒருமுறை தேடுங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தனிமைப்படுத்தல் பகுதியைத் திறந்து பாருங்கள், கடைசிக் காப்புநகலை மீட்டெடுத்து அதன்மேல் கையில் உள்ள லாக் கோப்புகளை ஓட்ட முடியுமா என்று பாருங்கள். வேறு வழியே இல்லாமல் பி தெரிவை இயக்கிவிட்டால், அந்தத் தரவுத்தளத்தை அன்றாடப் பயன்பாட்டில் வைத்திருக்கக் கூடாது. மவுன்ட் ஆனவுடன் அதிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் புதிய தரவுத்தளத்துக்கு நகர்த்திவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஆதரவு நிபந்தனையும் அதுவே.

அறிகுறி: நிலை கிளீன்தான், ஆனாலும் மவுன்ட் ஆகவில்லை, அல்லது மவுன்ட் ஆகியும் பெட்டிகள் திறக்கவில்லை

மவுன்ட் ஆகவில்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள். புதிய தரவுத்தள உருப்படிக்கு நீங்கள் கொடுத்த இடிபி பெயரும் பாதையும், நகலெடுத்து வைத்த கோப்பின் பெயரும் பாதையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டெடுத்த கோப்பால் இந்தத் தரவுத்தளத்தை மேலெழுதலாம் என்ற அனுமதியை, அதாவது 'அலவ் ஃபைல் ரிஸ்டோர்' என்ற அமைப்பை, இயக்கியிருக்க வேண்டும். மேலும் அந்த வெற்றுத் தரவுத்தளத்தை முன்பே ஒருமுறை மவுன்ட் செய்து பார்த்திருந்தால், அது தனக்கென உருவாக்கிக்கொண்ட லாக் கோப்புகளும், எந்த லாக் வரை இடிபிக்குள் சேர்ந்தது என்று குறிக்கும் செக்பாயிண்ட் கோப்பும் அங்கே கிடக்கும். அவை வந்திருக்கும் இடிபிக்கு உரியவை அல்ல என்பதால், வேறு கோப்புறைக்கு அவற்றை ஒதுக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

மவுன்ட் ஆகியும் பெட்டி திறக்கவில்லை என்றால், பயனரின் கணக்கு இன்னமும் பழைய தரவுத்தளத்தையே சுட்டிக்கொண்டிருக்கிறது. அஞ்சல்கள் இடிபி கோப்பில் இருந்தாலும், யாருடைய பெட்டி எங்கே உள்ளது என்ற செய்தி விண்டோஸின் கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கிறது. கோப்பை நகலெடுப்பதால் அது மாறிவிடாது. பழைய தரவுத்தளத்தைச் சுட்டும் எல்லாப் பயனர்களையும் பட்டியலிட்டு, செட்-மெயில்பாக்ஸ் கட்டளையின் டேட்டாபேஸ் தெரிவால் புதியதற்குச் சுட்ட வேண்டும். இது பெட்டியை நகர்த்துவது ஆகாது, முகவரியைத் திருத்துவது மட்டுமே. ஆகவே விரைவில் முடிந்துவிடும். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் பல இருந்தால், அந்தத் திருத்தம் எல்லாவற்றுக்கும் பரவும் வரை சிலருக்குத் திறந்தும் சிலருக்குத் திறக்காமலும் இருக்கும். அந்த இடைவெளியில் எதையும் திருத்தாமல் காத்திருங்கள்.

அறிகுறி: நிகழ்வுப் பதிவில் 474, பிழை எண் −1018

இடிபி கோப்பின் ஒவ்வொரு பக்கமும் 32 கேபி அளவுடையது. ஒவ்வொன்றிலும் அதன் உள்ளடக்கத்துக்கான சரிபார்ப்புத் தொகை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியபோது இருந்த தொகையும் படித்தபோது கணக்கிட்ட தொகையும் பொருந்தாதபோது இந்தப் பிழை எழுகிறது. எழுதியதற்கும் படித்ததற்கும் இடையில் யாரோ தரவை மாற்றியிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். அந்த 'யாரோ' ஏறத்தாழ எப்போதும் எக்ஸ்சேஞ்சுக்குக் கீழே உள்ள அடுக்கில்தான் இருப்பார்: வட்டு, பல வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர், அதன் ஃபர்ம்வேர், டிரைவர், அல்லது நினைவகம்.

பழைய சேவையகத்தில் உள்ள மூலக் கோப்பையும் புதியதில் உள்ள நகலையும், டிஸ்மவுன்ட் ஆன நிலையில், எசியூட்டிலின் கே தெரிவுடன் தனித்தனியே சரிபாருங்கள். மூலம் நலமாக இருந்து நகல் மட்டும் பழுதுபட்டிருந்தால் உங்களுக்கு நல்வாய்ப்பு: புதிய வன்பொருளின் குறையைக் கண்டு நீக்கிவிட்டு மறுபடி நகலெடுத்தால் போதும். குறையைக் கண்டுபிடிக்காமல் வெறுமனே மறுபடி நகலெடுப்பதில் பயனில்லை. மூலத்திலேயே பழுது இருந்தால், கோப்பை நகலெடுக்கும் வழியைக் கைவிட்டு நகர்த்தல் கோரிக்கை வழிக்கு மாறுங்கள். பழுதுபட்ட பக்கங்களைத் தொடாத பெட்டிகள் அனைத்தும் இடரின்றி வந்து சேரும், எஞ்சிய சிலவற்றைக் காப்புநகலிலிருந்து தனியே மீட்கலாம்.

அறிகுறி: நகர்த்தல் கோரிக்கை முன்னேறாமல் நிற்கிறது

95 விழுக்காட்டில் நின்று, நிலை 'ஆட்டோசஸ்பெண்டட்' என்று இருந்தால் அது பிழையே அன்று. முடிக்கத் தயாரானதும் நிறுத்து என்ற தெரிவுடன் கோரிக்கை தொடங்கப்பட்டிருக்கிறது. முதல் ஒத்திசைவு முடிந்து, உங்கள் சொல்லுக்காக அது காத்திருக்கிறது. அலுவலக நேரம் முடிந்தபின் ரிசியூம்-மூவ்ரிக்வெஸ்ட் கட்டளையைக் கொடுங்கள். பெரிய மாற்றங்களை இவ்வாறு நடத்துவதே சிறந்தது என்பது என் கருத்து. பகலெல்லாம் தரவு நகர்ந்துகொண்டிருக்கும், இரவில் இறுதி மாற்றம் மட்டும் நடைபெறும்.

'ஸ்டால்டு' என்ற சொல்லுடன் தொடங்கும் நிலை காட்டப்பட்டால், நகர்த்தும் சேவை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. காரணம் அந்தப் பெயரின் பின்பாதியில் இருக்கும்: இலக்கு வட்டின் தாமதம், தேடல் அட்டவணையின் பின்னடைவு, பிற நகல்களுக்கான பிரதியாக்கத்தின் பின்னடைவு என்று. இடையிடையே தோன்றி மறைந்தால் விட்டுவிடலாம். மணிக்கணக்கில் நீடித்தால் ஒரே நேரத்தில் நகரும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோரிக்கையை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குவது அதுவரை நகர்ந்த தரவை வீணாக்கும்.

தோல்வி என்று காட்டி, பழுதுபட்ட உருப்படிகளின் வரம்பு மீறப்பட்டதாகச் சொன்னால், அவசரப்பட்டு வரம்பைப் பெரிய எண்ணாக உயர்த்தாதீர்கள். கெட்-மூவ்ரிக்வெஸ்ட்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளையை அறிக்கைத் தெரிவுடன் இயக்கி, எந்தக் கோப்புறையின் எந்த உருப்படி என்று பாருங்கள். பல நேரங்களில் அது அஞ்சலாகவே இருக்காது; பழைய தேடல் கோப்புறை ஒன்றின் எச்சமோ கோப்புறை அனுமதிப் பட்டியலில் எஞ்சிய நீக்கப்பட்ட கணக்கோ ஆக இருக்கும். மூலப் பெட்டியின் மேல் நியூ-மெயில்பாக்ஸ்ரிப்பேர்ரிக்வெஸ்ட் கட்டளையை ஒருமுறை இயக்கிவிட்டு மறுபடி முயன்றால் எண்ணிக்கை குறைவதுண்டு. வரம்பை 51 அல்லது அதற்கு மேல் வைக்க முனைந்தால், பெரும் தரவிழப்பை ஏற்கிறேன் என்ற தெரிவையும் சேர்க்கச் சொல்லி எக்ஸ்சேஞ்ச் கேட்கும். அந்தக் கேள்வி வரும் பெட்டியின் உரிமையாளரிடம் பேசி, அவருக்குத் தெரிவித்த பிறகே மேலே செல்லுங்கள். அஞ்சல்கள் அவருடையவை.

அறிகுறி: நகர்த்திக்கொண்டிருக்கும்போதே புதிய தரவுத்தளம் டிஸ்மவுன்ட் ஆகிவிடுகிறது

லாக் வட்டு நிரம்பிவிட்டது. இந்தப் பணியில் மிக அடிக்கடி நிகழ்வதும், முன்கூட்டியே மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் இதுவே.

புதிய தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, நகர்ந்து வரும் பெட்டி என்பது புதிதாக வந்து குவியும் அஞ்சல்களே. எனவே நகர்த்தப்படும் தரவின் அளவுக்கு ஏறத்தாழ இணையாக லாக் கோப்புகளும் பிறக்கின்றன. ஒவ்வொரு லாக் கோப்பும் 1 எம்பி. 300 ஜிபி பெட்டிகளை நகர்த்தினால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட லாக் கோப்புகள் உருவாகும். அன்றாடப் பயன்பாட்டைக் கணக்கிட்டு 50 ஜிபி என்று ஒதுக்கிய வட்டு அன்றிரவே நிரம்பிவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, நகர்த்தல் கோரிக்கைகள் அனைத்தையும் இடைநிறுத்துவது. அடுத்து வட்டைப் பெரிதாக்க முடிந்தால் பெரிதாக்கி மவுன்ட் செய்து, முழுக் காப்புநகல் ஒன்றை எடுங்கள். எக்ஸ்சேஞ்சை அறிந்த காப்புநகல் மென்பொருள் முழு நகலை வெற்றியுடன் முடித்தால், தேவை தீர்ந்த லாக் கோப்புகளை எக்ஸ்சேஞ்சே நீக்கிவிடும். விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் விஎஸ்எஸ் முழுக் காப்புநகலைத் தேர்ந்தெடுத்தாலும் இது நடக்கும். நகல் மட்டும் என்ற தெரிவில் நடக்காது.

வட்டைப் பெரிதாக்க வழியே இல்லையென்றால், எசியூட்டிலின் எம்கே தெரிவால் செக்பாயிண்ட் கோப்பைப் படித்து, அது சுட்டும் எண்ணுக்கு முற்பட்ட லாக் கோப்புகளில் ஒரு பகுதியை மட்டும் வேறொரு வட்டுக்கு நகர்த்தலாம். நகர்த்தலாம் என்றுதான் சொல்கிறேன், அழிக்கலாம் என்று சொல்லவில்லை. ஓர் அலுவலகத்தில் இடம் வேண்டும் என்பதற்காக, பழையன போலத் தோன்றிய லாக் கோப்புகளைத் தேதி பார்த்து அழித்திருந்தார்கள். செக்பாயிண்டோ அவற்றைவிடவும் பழைய லாக் கோப்பையே சுட்டிக்கொண்டிருந்தது. பகல் முழுவதும் வந்த அஞ்சல்களுடன், முதலாவது அறிகுறியில் சொன்ன −528 பிழையில் அவர்கள் வந்து நின்றார்கள். கோப்பின் தேதியை நம்பாமல் செக்பாயிண்டை மட்டுமே நம்புங்கள்.

இனி நிகழாமல் இருக்க, நகர்த்தும் காலத்துக்கு மட்டும், தேவை தீர்ந்த லாக் கோப்புகளைக் காப்புநகலுக்குக் காத்திராமல் நீக்கிவிடும் சுழல்முறை லாக் அமைப்பை இயக்கிக்கொள்ளலாம். தனிச் சேவையகத்தில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வர, தரவுத்தளத்தை ஒருமுறை டிஸ்மவுன்ட் செய்து மவுன்ட் செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, அமைப்பை மாற்றியும் லாக் கோப்புகள் குறையவில்லை என்று வியக்கிறார்கள். அது இயங்கும்வரை காப்புநகலுக்குப் பிந்தைய மாற்றங்களை மீட்க முடியாது. ஆகவே நகர்த்தி முடித்த அன்றே அதை நிறுத்திவிட்டு, முழுக் காப்புநகல் எடுப்பதையும் அதே பணியின் பகுதியாகத் திட்டமிடுங்கள்.

இதற்கு உறவான மற்றோர் அறிகுறி, புதிய சேவையகம் வெளி அஞ்சல்களை 452 4.3.1 என்று சொல்லித் திருப்பிவிடுவது. இங்கே நிரம்பியது லாக் வட்டு அன்று, எக்ஸ்சேஞ்ச் நிறுவப்பட்ட வட்டு. அஞ்சல் வரிசையின் தரவுத்தளம் இயல்பாக அங்கேதான் இருக்கிறது. இடம் குறையும்போது சேவையகம் தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய அஞ்சல்களை ஏற்பதை நிறுத்துகிறது. இடத்தை விடுவித்தால் தானாகவே மீண்டும் ஏற்கத் தொடங்கும். திருப்பப்பட்ட அஞ்சல்களை அனுப்பிய சேவையகங்கள் மறுபடி அனுப்பும்.

அறிகுறி: ஒரு பெட்டியையும் நகர்த்தவில்லை, ஆயினும் எல்லோருடைய அவுட்லுக்கிலும் சான்றிதழ் எச்சரிக்கை

புதிய சேவையகத்தில் எக்ஸ்சேஞ்சை நிறுவிய உடனேயே, அது தன் ஆட்டோடிஸ்கவர் (அவுட்லுக் தன் இணைப்பு அமைப்புகளைத் தானாகப் பெறும் சேவை) முகவரியை ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்துகொள்கிறது. டொமைனில் உள்ள கணினிகள் அந்த முகவரியைக் கண்டு அங்கே செல்கின்றன; அங்கே இருப்பதோ சேவையகம் தனக்குத்தானே கையொப்பமிட்ட சான்றிதழ். நிறுவல் முடிந்த கையோடு செட்-கிளையன்ட்ஆக்சஸ்சர்வீஸ் கட்டளையால் அந்த முகவரியை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள பொதுப் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு முறையான சான்றிதழை அதன் தனித்திறவியுடன் இறக்குமதி செய்து, ஐஐஎஸ் (வலைச் சேவை) மற்றும் எஸ்எம்டிபி (அஞ்சல் பரிமாற்றம்) சேவைகளுக்கு ஒதுக்குங்கள். நிறுவலை அலுவலக நேரத்துக்கு வெளியே வைப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

அறிகுறி: நகர்த்திய பின் அவுட்லுக் இணையவில்லை

நிர்வாகி ஒரு மாற்றம் செய்திருக்கிறார், அவுட்லுக்கை மூடித் திறக்கவும் என்ற செய்தி ஒருமுறை வருவது இயல்பு. மூடித் திறந்தும் இணையவில்லை என்றால், ஆட்டோடிஸ்கவர் சேவை தன் இடைச்சேமிப்பிலிருந்து பழைய விடையையே தந்துகொண்டிருக்கக்கூடும். எல்லாச் சேவையகங்களிலும் ஐஐஎஸ் மேலாளரில் ஆட்டோடிஸ்கவருக்கு உரிய அப்ளிகேஷன் பூலை மறுசுழற்சி செய்யுங்கள். அவுட்லுக் புரொஃபைலை அழித்துப் புதிதாக அமைப்பது ஒவ்வொரு கணினியாக நடந்து செய்ய வேண்டிய வேலை; அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசிகளில் ஒரு சிலருக்கு மட்டும் ஒத்திசைவு நின்று, அந்தச் சிலரும் நிர்வாகிகளாகவே இருந்தால் காரணம் வேறு. டொமைன் நிர்வாகிகள் போன்ற காக்கப்பட்ட குழுக்களில் உள்ள கணக்குகளுக்கு, மேலிருந்து அனுமதிகள் இறங்கி வருவது துண்டிக்கப்பட்டிருக்கும். அதனால் எக்ஸ்சேஞ்ச் அந்தக் கணக்கின் கீழ் புதிய கைபேசிக்கான உருப்படியை எழுத முடியாது. அனுமதி இறங்குவதை நீங்கள் கையால் இயக்கினாலும், ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக 60 நிமிடங்களுக்கு ஒருமுறை அதைத் திருப்பி அணைத்துவிடும். அஞ்சலுக்கு ஒரு சாதாரணக் கணக்கும், நிர்வாகத்துக்கு அஞ்சல் பெட்டி இல்லாத மற்றொரு கணக்கும் என்று பிரித்துக்கொள்வதே நிலையான தீர்வு.

அறிகுறி: அச்சுப்பொறியும் மென்பொருள்களும் அனுப்பும் அஞ்சல்கள் போகவில்லை

550 5.7.54 என்று மறுமொழி வந்தால், புதிய சேவையகத்தில் ரிலே அனுமதி, அதாவது வெளி முகவரிகளுக்கு அஞ்சலைக் கடத்தும் அனுமதி, இல்லை என்பது பொருள். அஞ்சலை ஏற்கும் அமைப்புகளான பெறும் கனெக்டர்கள் அந்தந்தச் சேவையகத்துக்கே உரியவை. பெட்டிகளை நகர்த்தினால் அவை உடன் வருவதில்லை. பழைய சேவையகத்தில் ரிலேவுக்கென்று இருந்த கனெக்டரின் ஐபி முகவரிப் பட்டியலையும், அதற்கு அளிக்கப்பட்டிருந்த கூடுதல் அனுமதியையும் பார்த்துப் புதியதில் அவ்வாறே அமையுங்கள். அமைக்கும்போது பங்கு என்ற இடத்தில் ஃபிரன்ட்எண்ட் டிரான்ஸ்போர்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள். ஹப் டிரான்ஸ்போர்ட் என்று தேர்ந்தெடுத்து 25ஆம் போர்ட்டைக் கொடுத்துவிட்டால், இரண்டு சேவைகள் ஒரே போர்ட்டுக்குப் போட்டியிட்டு, அடுத்த மறுதொடக்கத்துக்குப் பிறகு வெளி அஞ்சல் வருவதே நின்றுபோகலாம்.

வெளியே செல்லும் அஞ்சல்கள் வரிசையில் தேங்கினால், அனுப்பும் கனெக்டரின் மூலச் சேவையகப் பட்டியலில் புதியது சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஃபயர்வால் அதன் முகவரியிலிருந்து 25ஆம் போர்ட்டை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பொது ஐபி முகவரி மாறியிருந்தால் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவும், ஐபி முகவரிக்குரிய பெயரைக் காட்டும் பின்திருப்புப் பெயர்ப் பதிவும் மாற வேண்டும்.

அறிகுறி: பழைய அஞ்சலுக்குப் பதிலளித்தால் திரும்பி வருகிறது, புதிதாக எழுதினால் போகிறது

திரும்பி வரும் அறிவிப்பில் ஐஎம்சிஇஏஇஎக்ஸ் என்று தொடங்கும் நீண்ட முகவரி இருக்கும். நகர்த்தாமல் பெட்டியைப் புதிதாக உருவாக்கி, அவுட்லுக்கின் பிஎஸ்டி சேமிப்புக் கோப்பிலிருந்து அஞ்சல்களை ஏற்றியவர்களுக்கே இது நேர்கிறது. நிறுவனத்துக்குள் அஞ்சல்கள் எக்ஸ்சேஞ்சின் பழைய வகை உள்முகவரியைக் கொண்டே பதியப்படுகின்றன; பெட்டி புதிது என்பதால் அந்த உள்முகவரியும் மாறிவிட்டது. பழைய உள்முகவரியை எக்ஸ்500 வகை முகவரியாகப் புதிய பெட்டியில் சேர்த்துவிட்டால் சரியாகும்.

அறிகுறி: புதிய வன்பொருள், ஆனால் பழையதைவிட மெதுவாக இயங்குகிறது

நிகழ்வுப் பதிவில் இஎஸ்இ (எக்ஸ்சேஞ்சின் தரவுத்தள இயந்திரம்) மூலத்திலிருந்து 507 முதல் 510 வரையிலான எண்கள் வந்தால், வட்டு படிக்கவோ எழுதவோ வழக்கத்துக்கு மீறிய நேரம் எடுத்துக்கொள்கிறது. தரவுத்தள வட்டில் படிப்பதற்கான சராசரித் தாமதம் 20 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். ரெய்டு கன்ட்ரோலரின் எழுத்து இடைச்சேமிப்பு பேட்டரி பழுதாலோ அமைப்பாலோ அணைந்திருக்கிறதா, வைரஸ் தடுப்பு மென்பொருளில் இடிபி மற்றும் லாக் கோப்புறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறதா, வட்டு 64 கேபி ஒதுக்கீட்டு அலகுடன் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். விலக்குப் பட்டியல் பழைய சேவையகத்தின் பாதைகளுடன் அப்படியே நகலெடுக்கப்பட்டு, புதிய பாதைகளுக்குப் பொருந்தாமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வட்டு நலம் என்றால் விண்டோஸின் மின்திட்டம் உயர்செயல்திறன் நிலையில் உள்ளதா என்று பாருங்கள். சமநிலைத் திட்டத்தில் செயலியின் வேகம் தேவையற்று இறங்கிவிடுகிறது.

அறிகுறி: எல்லாரையும் நகர்த்தியாயிற்று, பழைய தரவுத்தளத்தை நீக்க முடியவில்லை

சாதாரணப் பட்டியலில் தோன்றாத பெட்டிகள் உள்ளே இருக்கின்றன. கெட்-மெயில்பாக்ஸ் கட்டளையை ஆர்பிட்ரேஷன், ஆர்க்கைவ், ஆடிட்லாக், பப்ளிக்ஃபோல்டர் ஆகிய தெரிவுகளுடன் தனித்தனியே இயக்கிப் பாருங்கள். கிடைப்பவற்றை வழக்கம்போல நகர்த்துங்கள். எக்ஸ்சேஞ்ச் தன் உள்வேலைகளுக்காக வைத்திருக்கும் ஆர்பிட்ரேஷன் பெட்டிகளை அழித்துவிட்டால் முகவரிப் பட்டியல் உருவாக்கமும் ஒப்புதல் அஞ்சல்களும் நின்றுபோகும். அவற்றை நகர்த்தத்தான் வேண்டும்.

பழைய இடிபி கோப்பின் அளவு குறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நகர்ந்த பெட்டியின் மூலம் அங்கே இயல்பாக 30 நாள்கள் மறைவாக வைத்திருக்கப்படுகிறது. அதற்குப் பிறகும் காலியான இடம் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாக இருக்குமே தவிர, வட்டுக்குத் திரும்பாது. அந்த 30 நாள்களை நான் காப்பாகவே கருதுகிறேன். நகர்த்தலின் முடிவில் ஏதேனும் காணவில்லை என்று பயனர் சொன்னால், தேட ஓர் இடம் இருக்கிறது.

அந்தக் காலம் முடிவதற்குள் பழைய சேவையகத்தின் எக்ஸ்சேஞ்ச் சேவைகளை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். இயந்திரம் இயங்கட்டும், சேவைகள் நிற்கட்டும். மறந்துபோன மென்பொருள் ஏதேனும் பழைய முகவரிக்கே அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த வாரத்தில் முறையீடு வந்துவிடும். சேவையை மறுபடி இயக்கி, அந்த ஒன்றைத் திருத்தலாம். வாரம் அமைதியாகக் கழிந்தால் சேவைகளை மீண்டும் இயக்கி, தரவுத்தளத்தை நீக்கி, எக்ஸ்சேஞ்சை அதன் நிறுவல் நிரல் வழியாகவே முறையாக அகற்றுங்கள். இயந்திரத்தை அப்படியே அணைத்துத் தூக்கி வைத்துவிட்டால், ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பெயர் உயிருடன் இருக்கும். கனெக்டர்களும் பிற சேவையகங்களும் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.